வெள்ளத்தில் எங்கூட்டுக்காரரு

"இதுக்கு மேல எங்கிட்ட ஆகாது சாமி" என்று பொன்னாத்தாள் புத்தகத்தைப் படக்கென்று மூடிவிட்டாள்.

கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த பெண்களின் கை அப்படியே நின்றது. நிற்காதா பின்னே? ஓடம் கவிழ்ந்துவிட்டது. கதாநாயகன் வெள்ளத்தில் விழுந்திருக்கிறான். தலை ஒரு தரம் மேலே தெரிந்து, முழுகியும் போயிற்று. அந்த இடத்தில் போய் மூடினால் யார்தான் பொறுப்பார்கள்?

அவள்தான் என்ன செய்வாள்? கதாநாயகனுக்கு அவள் புருஷன் பேராம்.

மேட்டூர் அணை வேலைக்குப் போயிருந்த அண்ணன், வருகிற வழியில் சேலத்தில் வாங்கிவந்து கொடுத்த நாவல் அது. வெண்ணந்தூர்ப் பக்கத்தில் புருஷன் பேரை வாயால் சொல்லுகிற பெண்டாட்டி இன்னும் பிறக்கவில்லை. அதனால் அந்தப் பேர் வருகிற இடத்திலெல்லாம் "எங்கூட்டுக்காரரு" என்று போட்டுத்தான் அவள் வாசித்து வந்தாள்.

எங்கூட்டுக்காரரு குதிரை மேல ஏறினாரு. எங்கூட்டுக்காரரு ஜமீன்தார் மகளை ஏறெடுத்துப் பார்த்தாரு. கேட்கிற பெண்கள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

மாட்டுக்கொட்டகையில் கயிறு திரித்துக்கொண்டிருக்கும் அவள் புருஷன் மருதாசலத்துக்கு எல்லாம் காதில் விழும். குதிரையைக் கண்டால் வேலியோரம் ஒதுங்குகிற ஆள் அவன். இருந்தாலும், குதிரை ஏறினதில் உள்ளுக்குள் ஒரு குஷி இருக்கத்தான் செய்தது. அந்த ஜமீன்தார் மகள் விஷயந்தான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"எங்கூட்டுக்காரரு செத்துப்போனாருன்னு என் வாயால படிக்கோணுமா? நீங்களே ஞாயஞ் சொல்லுங்க" என்றாள் பொன்னாத்தாள்.

நியாயந்தானே. தாலி கட்டிக்கொண்டவள் சொல்லுகிற சொல்லா அது? மற்ற பெண்களுக்கோ எழுத்து வாசனை கிடையாது. பக்கத்து வீட்டுச் சென்னியம்மாள், அவளுக்கு வாய் சும்மா இருக்காது, கொட்டகைப் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்ணா, உங்க உசுருதானுங்க. நீங்களே படிச்சுப் பாத்துப்போடுங்க!"

மருதாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சின்ன வயதில் அவனுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த வாத்தியார் புளியம் விளாரோடுதான் உட்காருவார். ஒரு வரி விட்டுப்போனால் முதுகில் ஒன்று, பிறகு முதலிலிருந்து. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தவன், கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத்தோடு ஒட்டும் வைத்துக்கொள்ளவில்லை, உறவும் வைத்துக்கொள்ளவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து பொன்னாத்தாளும் படிக்கக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். அவள் வாசிப்புக்கு ஒரு கட்டுத்திட்டமும் கிடையாது. உலை கொதிக்கிற வரைக்கும் படிப்பாள். தூக்கம் வந்தால் தூங்கிவிடுவாள். சலிப்புத் தட்டினால் கூசாமல் நாலு பக்கம் தாண்டிப் போவாள். "தாண்டுனாப் புஸ்தகம் எந்திரிச்சு வந்து அடிக்கவா போவுது?" என்பாள். அடிக்காது என்பதை மருதாசலம் நம்பியதே இல்லை.

ஆனால் இன்றைக்குச் சங்கதி வேறு. இருக்கிறோமா, போய்விட்டோமா? அது தெரியாமல் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாக எத்தனை நேரம் கயிறு திரிப்பது? தன் பேர் கொண்டவன் போய்ச் சேர்ந்தால் தனக்கு ஆகாதே என்கிற பயமும் சேர்ந்துகொண்டது.

கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினான். "என் பேரு எங்க இருக்குது, காட்டு புள்ளே."

"பேரு மேல வெரல் வெக்கலாமுங்களா?" என்று சொல்லி அவள் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினான். முதல் வரிக்கே வேர்த்துவிட்டது. அடுத்த வரியில் ஓடக்காரன் கத்தினான். அட, அது காதில் கேட்கிற மாதிரியே இருந்தது! அதற்கப்புறம் ஒரு பக்கம் முழுக்க நிலா. ஆள் முழுகிக்கொண்டிருக்கிறான், நிலாவாம் நிலா! பயந்து பயந்து அந்தப் பக்கத்தைத் தாண்டினான்.

முதுகில் ஒன்றும் விழவில்லை.

தொட்டியில் தண்ணீர் இல்லையென்று மாடு கத்தியது. "இரு, இரு" என்றான்.

தன் பேரை மட்டும் காணோம். எழுத்துகளிலேயே அவனுக்குப் பார்த்தவுடன் தெரிகிறவை அந்தப் பேரின் ஆறு எழுத்துந்தான். வெள்ளத்தில் கிடந்தவன் பேர் வேறு என்னவோ மாதிரி இருந்தது. ரா... ஜ... ர...

ராஜரத்தினம்.

யார்டா இவன்? வந்த வழியே புரட்டிக்கொண்டு போனான். குதிரை ஏறினவனும் ராஜரத்தினம். ஜமீன்தார் மகளைப் பார்த்தவனும் ராஜரத்தினம். மருதாசலம் என்கிற பேர் அந்தப் புத்தகத்தில் எந்த மூலையிலும் இல்லை.

அடி கள்ளி!

கோபம் வந்தது. வந்த கோபம் நெற்றி வரைக்கும் ஏறி, அங்கே நிற்கத் தெரியாமல் சிரிப்பாக இறங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தான். பெண்கள் எல்லோரும் உரிக்கிற வேலையை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னாத்தாள் மட்டும் பார்க்கவில்லை. மும்முரமாக வெறும் முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, பொழச்சாருங்களா?" என்று குரல் மட்டும் வந்தது.

மருதாசலம் திரும்பவும் வெள்ளத்துக்கு வந்து, விட்ட வரியில் விரலை வைத்துக்கொண்டான்.

"சத்தம் போடாத புள்ளே. நான் இன்னும் தண்ணியிலதான் கெடக்கறேன். கரையேறுனதும் சொல்றேன்."