மாமாவின் அறை ஹீட்டர்

"மாமாவின்ர அறை ஹீட்டருக்கு மட்டும் காத்து எடுக்காதேங்கோ," என்றாள் சுபானி மெதுவாக.

ஹீட்டரின் சின்னத் திறப்புச் சாவியும் தண்ணீர் பிடிக்கிற கோப்பையுமாக நின்ற அவளுடைய கணவன் தபோதரன் திரும்பிப் பார்த்தான். ஸ்டுட்கார்ட்டில் குளிர் தொடங்கினால் அவன் செய்கிற முதல் வேலை அது. உள்ளே அடைத்து நிற்கிற காற்றைத் திறந்து விட்டால்தான் ஹீட்டர் முழுதாகச் சுடும்.

"மனுசன் விறைச்சுப் போவாரப்பா."

"அதுக்குத்தான் சொல்லுறன். கலியாணம் முடிஞ்சும் போறாரில்லை. ஞாயிறுதான் போவாராம். குளிர்ந்தால் வெள்ளிக்கே வெளிக்கிடுவார்."

சந்திரசேகரன் அவனுடைய தாய்மாமன். டென்மார்க்கில் இருந்து ஒரு சொந்தக்காரர் கலியாணத்துக்கு வந்தவர். விடியப்புறமே குளியலறையில் தேவாரம் பாடுவார். தபோதரன் அதை நினைத்துப் பார்த்தான். மாமாவின் அறைக்குள் போகவில்லை.

அடுத்த நாள் மாமா கம்பளித் தொப்பியோடு சாப்பிட வந்தார்.

"தம்பி, ஹீட்டர் கொளகொள எண்டு கத்துது. சுடுதில்லை."

"பழைய வீடு மாமா. ஒண்டும் செய்ய ஏலாது."

"உங்கட வீடு நல்ல சூடா இருக்குமெல்லோ மாமா?" என்று சுபானி அக்கறையாகக் கேட்டாள்.

"ஓம் பிள்ளை. நல்ல சூடு," என்றவர் இன்னொரு தோசை கேட்டார்.

மறுநாள் தொப்பியோடு சால்வையும் வந்தது. அதற்கடுத்த நாள் கையுறை. கையுறையோடு புட்டைப் பிசைய முடியாமல் கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். பல் கிடுகிடுவென்று ஆடியது. ஆனால் ஆள் அசைவதாக இல்லை.

சுபானிக்கு மனம் கேட்கவில்லை. "பாவமப்பா. திறந்து விடுங்கோ."

"இப்ப திறந்தால், முதலே ஏன் திறக்கேல்லை எண்டு கேப்பார்."



சொன்னபடி ஞாயிற்றுக்கிழமைதான் மாமா ரயில் ஏறினார். வழியனுப்பிவிட்டு வந்த சுபானி, போர்வையை எடுக்க அவருடைய அறைக் கதவைத் திறந்தாள். முகத்தில் அனல் அடித்தது.

அந்த நேரம் தபோதரனின் போன் அடித்தது. மாமா.

"தம்பி, சொல்ல மறந்திட்டன். அறை ஹீட்டரைக் குறைச்சு விடு, வீணா எரியுது. சுடுதில்லை எண்டு சொன்ன அண்டைக்கே, நீங்கள் வேலைக்குப் போன பிறகு நானே காத்தை எடுத்துப்போட்டன். உந்த ஹீட்டர் திறப்பு எப்பவும் என்ர சாவிக் கோர்வையிலை கிடக்கும்."

தபோதரன் ஹீட்டரைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்தான்.

"அப்ப... தொப்பி, கையுறை எல்லாம்?"

"நீங்கள் ரெண்டுபேரும் என்னைக் குளிர வைக்க அவ்வளவு பாடுபடுறியள். நான் நடுங்காமல் இருந்தால் உங்கட மனம் நோகுமெல்லோ."