ஒத்திகை நாற்காலி

நோயாளிக்காகக் கையெழுத்துப் போடுபவர், சிகிச்சையின் பக்கவிளைவுகளை முதலில் ஒத்திகை நாற்காலியில் உட்கார்ந்து அனுபவித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. போன வருஷம், நினைவில்லாமல் கிடந்த மனைவி அமுதாவுக்காக உட்கார்ந்த பிரசன்னா பாதியிலேயே அலறி எழுந்துவிட்டான். "வேண்டாம், அவ தாங்கமாட்டா" என்றான். சிகிச்சை இல்லாமலே அவள் போய்விட்டாள்.

இன்று மகள் இதழினிக்காக உட்கார்ந்தான். உடம்பில் ஒன்றுமே தெரியவில்லை. அமுதா போனதிலிருந்தே அப்படித்தான். சுடுசோறுகூட அவன் கையைச் சுடுவதில்லை.

"என்ன சார், கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் நர்ஸ் ரோஸ்லின். "வலி தெரியாதவங்க கையெழுத்து செல்லாது. வேற யாரையாவது கூட்டிட்டு வாங்க."

வேறு யாரும் இல்லை. தான் அன்று எப்படி அலறினோம் என்று நினைத்துப் பார்த்தான். பிறகு பல்லைக் கடித்து நெளிந்தான். "அய்யோ, சிஸ்டர்!" என்றான்.

"ஆங், இப்பதான் மெஷின் வேலை செய்யுது. நிறுத்தட்டுமா?"

"வேணாம், முடியட்டும்."

கையெழுத்துப் போட்டுவிட்டு வார்டுக்கு வந்தான். இதழினி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"நீ உக்காந்து பாத்தியாமே. ரொம்ப வலிக்குமாப்பா?"

அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். இந்தச் சிகிச்சை எவ்வளவு வலிக்கும் என்று அவனுக்குத் தெரியாது.