பெரிய கரண்டி

சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் கதையில் நான் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை. சேர்த்தவன் தம்பிதான். அடுப்படியில் யாரும் இல்லையென்று எட்டிப் பார்த்துவிட்டு, அக்காவின் டம்ளரில் வெள்ளைப் பொடியைக் கரண்டி நிறையப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தான்.

அவன் கண்கள் மஞ்சள் பூத்திருந்தன. ஈரல் கெட்டுப்போய், மாற்று ஈரலுக்குக் காத்திருப்பவன். தன் ஈரலில் ஒரு துண்டை வெட்டிக் கொடுக்க முன்வந்தவளே இந்த அக்காதான்.

"உங்க ஈரல்லயே கொழுப்பு படிஞ்சு கிடக்கும்மா," என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "உடம்பு எரிக்கிறதைவிடக் கம்மியா உள்ள போகணும். பத்தாததை அது கொழுப்புலருந்து எடுத்துக்கும். அடுத்த ஸ்கேன்ல குறையலைன்னா நான் கத்தியைத் தொட மாட்டேன். தம்பிக்கும் நாள் அதிகமில்ல."

அன்றிலிருந்து அக்காவுக்கு நடையோ நடை, அளந்த சாப்பாடு. துணைக்கு அவள் கணவரும் வாயைக் கட்டினார். "உங்க அக்காவைக் கட்டின பாவத்துக்கு வெள்ளரிக்காயைக் கடிச்சுட்டுத் தூங்குறேன் மாப்ள!"

காலையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சுவது மட்டும் தம்பியின் பொறுப்பு. "அக்கா, உன்னோடது ஜன்னலோரம். மாமாவோடது அடுப்புப் பக்கம்," என்று சொல்லிவிட்டு மாத்திரை போடப் போய்விடுவான்.

நாளாக ஆக அக்காவின் கன்னம் ஒட்டியது. கை வளையல் முழங்கையைத் தாண்டி ஏறியது. தம்பி அதைப் பார்த்தான். மறுநாளே பெரிய கரண்டிக்கு மாறினான்.

ஸ்கேன் முடிந்து மூவரும் டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாமா மூச்சை இழுத்துப் பிடித்தார். சட்டைப் பொத்தான் தெறித்துச் சுவர்க் கடிகாரத்தில் பட்டது. அப்போது நின்ற கடிகாரம் இன்றுவரை ஓடவில்லை.

"கொழுப்பு கரைஞ்சிடுச்சு. ஆபரேஷன் வெச்சுக்கலாம்."

தம்பி விருட்டென்று எழுந்தான். "முடியாது டாக்டர்! மிஷின்ல ஏதோ கோளாறு. இன்னொரு தடவை எடுங்க!"

"என்னடா உளர்ற?" என்றார் மாமா.

"தினமும் அவ கஞ்சில பால் பவுடரும் சர்க்கரையும் அள்ளிக் கொட்டினேன் மாமா. அவ மெலியவே கூடாதுன்னுதான். எனக்காக அவளை எதுக்கு வெட்டணும்? அவளுக்கு ஒண்ணு ஆயிட்டா, நான் பொழைச்சிருந்து என்ன பண்ண?"

டாக்டரம்மா அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "அவ்வளவும் குடிச்சிருந்தா நீங்க ஏறித்தான் இருக்கணும். எங்கம்மா போச்சு அதெல்லாம்?"

அக்கா தம்பியின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "மொத நாள் மொத வாய்லயே இனிச்சுதுடா, மக்கு."

பிறகு கணவரின் சட்டையில் பொத்தான் போன இடத்தைப் பார்த்தாள்.

"கோச்சுக்காதீங்க. தினமும் டம்ளரை மாத்தி வெச்சது நான்தான்."