தனுஜாவின் கிருமி

"இருபத்தஞ்சும் உயிரோடதான் இருக்கு, அக்கா."

தனுஜா கையிலிருந்த பிளாஸ்டிக் கோப்பையை மேசையில் வைத்தாள். அதற்குள் கொசுப் புழுக்கள் தலைகீழாகத் தொங்குவதும் நெளிவதுமாக ஜோராக இருந்தன. நேற்று மாலை நாலு மணிக்கு மருந்து ஊற்றியது. இப்போது மணி நாலேகால்.

"நல்லா எண்ணுனியா லா? ஒண்ணு ரெண்டாச்சும் மயங்கிக் கிடக்கும், பாரு" என்றாள் நவமணி. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் உள்ள அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் சோதனைக்கென்று கொசு வளர்ப்பது அவள் வேலை. முட்டை பொரிக்க வைப்பதிலிருந்து, கேட்பவர்களுக்குப் புழுவை எண்ணிக் கொடுப்பதுவரை எல்லாம் அவள் கைதான். பதினாறு வருஷமாக இதே பாடு.

"மயக்கமா? டான்ஸ் ஆடுதுங்க. இக்மல் கோப்பையைப் பாருங்க."

பக்கத்துக் கோப்பை, தனுஜாவோடு படிக்கும் இக்மலுடையது. அதில் ஊற்றியிருந்தது, கொசுப் புழுவைக் கொல்லும் ஒரு கிருமியை வைத்துச் செய்து கடையில் விற்கிற சாதாரண மருந்துதான். அதே வகைக் கொசு, அதே நேரம். ஆனால் இருபத்தைந்தும் செத்து அடியில் கிடந்தன. இதைவிட வேறு அவமானம் வேண்டுமா?

இது மூன்றாவது சோதனை. இதிலும் புழு சாகாவிட்டால், அதே கிருமியின் ஜீனை மாற்றித் தனுஜா உருவாக்கிய கிருமியை அழித்துவிட வேண்டும் என்று பேராசிரியர் கமாலுதீன் போன வாரமே சொல்லியிருந்தார். இரண்டு வருஷ உழைப்பு.

"கடைக் கிருமியே நல்லா கொல்லுதே. நீ எதுக்கு அதுல கை வச்ச?" என்றாள் நவமணி.

"அந்தக் கிருமி, தீனி இருக்கிற வரைக்கும் சும்மா பெருகிட்டே இருக்கும், அக்கா. தீனி தீந்து பசி வந்ததும் ரெண்டு வேலை பார்க்கும். தூங்கிக் கிடக்க ஒரு வித்து கட்டும். கூடவே ஒரு விஷக் கட்டி செய்யும். ரெண்டு ஜீனும் ஒரே நேரத்துல முழிச்சுக்கும். நான் வித்து கட்டுறதை மட்டும் நிறுத்திட்டேன். விஷம் வரும், வித்து வராது."

"வராட்டி என்ன லாபம்?"

"வித்து இருந்தா கிருமி திரும்ப முளைக்கும். உங்க பிளாட்டுல என்ன சொன்னாங்க? உயிருள்ள கிருமியை எங்க தொட்டியில ஊத்தாதேன்னு விரட்டலையா? இதுல உயிரே இருக்காது, விஷம் மட்டும்தான். அதுவும் புழு அதைத் தின்னாத்தான் வயித்துக்குள்ள போயி வேலை செய்யும். மனுஷங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

விரட்டிய கதை நவமணிக்கு மறக்குமா? சுங்கை பினாங்கில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில், சுகாதார ஊழியர்களை வாசலோடு திருப்பி அனுப்பிய மேல்வீட்டுப் பெண் போன மாதம் டெங்கியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் பார்க்கும்போதெல்லாம் நவமணிக்கு மனசு ஆறாது. தனுஜாவின் மருந்து பலிக்க வேண்டும் என்று தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டுகூட வந்திருந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு கமாலுதீன் வந்தார். இரண்டு கோப்பைகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சார், மைக்ராஸ்கோப்புல விஷக் கட்டி தெரியுது. நீங்களே பார்த்தீங்க" என்றாள் தனுஜா.

"பார்த்தேன்மா. இருந்தா போதுமா? கொல்லணும் லா. ரெண்டு வேலையும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு, ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணும் கெட்டுப் போகும்னு அப்பவே சொன்னேன்."

"இன்னும் ஒரே ஒரு தடவை, சார்..."

"மூணு தடவை ஆச்சு. ஜீன் மாத்துன கிருமி உதவாதுன்னு தெரிஞ்ச பிறகு ஐஸ்பெட்டியில வைக்கக் கூடாது. இங்க அதுதான் ரூல். ஒரு குழாய் மிச்சமில்லாம அவிச்சிடு. திங்கக்கிழமையிலிருந்து இக்மலோட சேர்ந்து வேலை செய்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம். தனுஜா தலையாட்டினாள்.

ஐஸ்பெட்டியில் இருந்த பதினெட்டுக் குழாய்களையும் எடுத்து, கிருமிகளை நீராவியில் அவிக்கும் இயந்திரத்துக்குள் வைத்தாள். மூடியை இறுக்கினாள். பொத்தானை அழுத்த விரல் வரவில்லை. ஐந்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

முக்கால் மணி நேரத்தில் இயந்திரம் புஸ்ஸென்று ஆவியை விட்டுவிட்டு நின்றது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத அந்தக் கிருமி அத்தோடு முடிந்தது.

தனுஜா நாற்காலியில் சரிந்து ஓவென்று அழுதாள். நவமணிக்கும் தாங்கவில்லை. அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அழாத லா. உன் மேல ஒரு குத்தமும் இல்ல. நானும் என்னால ஆனதெல்லாம் செஞ்சு பார்த்துட்டேன்."

"தெரியும், அக்கா."

"உனக்கு என்ன தெரியும்? மத்தவங்களுக்கு எல்லாம் ரூல்படி பட்டினி போட்ட புழுவைத்தான் குடுப்பேன். நோஞ்சானைக் கொன்னா உன் மருந்துக்கு என்ன பேரு? நம்ம பொண்ணாச்சேன்னு, மூணு தடவையும் உனக்கு மட்டும் இனி ஒரு வாய் இறங்காதுங்கிற அளவுக்குத் தீனி போட்டு, கோப்பையிலயும் ரெண்டு சிட்டிகை தூவித்தான் எண்ணித் தந்தேன்."