வாகை முண்டு

வாகைத் தடியின் அடிப்பக்கம் பானைபோல் புடைத்திருந்த முண்டு விறகுக்குத்தான் ஆகும் என்று அறுவை மில்லில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மில்லுக்குச் சொந்தக்காரி பிச்சம்மாள் மட்டும் கேட்கவில்லை. "இசக்கியண்ணே, புடைப்புக்கு நட்ட நடுவால விடுங்க" என்று வாளுக்குப் பக்கத்திலேயே நின்றாள். உள்ளே பொந்தாக இருந்தால் ஊரே சிரிக்கும். பொந்து இல்லை. பலகைகள் பிரிந்து விழுந்ததும் இசக்கி மிஷினை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார். இரண்டையும் விரித்த புத்தகம்போல் தரையில் சேர்த்துப் போட்டு, தூளைத் துடைத்தாள் பிச்சம்மாள். பழுப்பும் பொன்னுமாய்ப் புதுவெள்ளம்போல் சுழித்துச் சுழித்து ஓடியது மரம். அன்று முழுக்க அவளுக்குப் பசிக்கவே இல்லை.

மறுநாள் விலை பேச வந்த மரவியாபாரி ஆவுடையப்பன், பலகைகளைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. "முண்டு மரத்துல என்னம்மா இருக்கு? கதவுக்கும் ஆவாது, கட்டிலுக்கும் ஆவாது. நீ கேக்கியேன்னு விறகு விலைக்கு எடுத்துக்கிடுதேன்" என்று பேசிக்கொண்டே மர அடுக்கின் மறுபக்கம் போகத் திரும்பினார். வழியில் பலகைகள் கிடந்தன. தரையில் சொட்டு ஈரம் கிடையாது. பேச்சு நிற்கவில்லை, ஆனால் அவருடைய இரண்டு கைகளும் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டன. கால் ஒவ்வொன்றையும் துழாவித் துழாவி வைத்துப் பலகைமேல் இறங்கினார்.

பிச்சம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"பாத்து அண்ணாச்சி. நடுவுல ஆழம்."