தூங்குறாங்க

சயாமிலிருந்து வந்த டாக்டர் குனிய மறந்து வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டார். வெளியே கூடியிருந்த மலைக்கிராமத்து ஜனங்கள் சிரித்தார்கள்.

"எலிக்கு வழிய அடைச்சீங்க, சரி. டாக்டருக்கும் சேர்த்தா அடைக்கணும், மந்திரி ஐயா?"

விர்யோ சிரிக்கவில்லை. ஜாவாவின் சுகாதார இலாகாவில் அவனுக்குப் பெயர் பிளேக் மந்திரி, கிடைக்கும் மரியாதையோ சேவகனுடையது.

பல நாட்டு டாக்டர்கள் கூடிய மாநாட்டிலிருந்து, எலி அண்டாத வீட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களில் கொழும்புக்காரர் மூங்கில் தூண்களைத் தட்டிப் பார்த்தார். எலி புகாதபடி முனைகளெல்லாம் கச்சிதமாக அடைபட்டிருந்தன.

ஆனால் இந்த மழைக்காலத்தில் நோய் எலியை நம்பி இருக்கவில்லை. இருமலில் ஏறி ஆள்விட்டு ஆள் தொற்றிக்கொண்டிருந்தது.

விர்யோவின் பையில் ஊசி இருந்தது. ஊரில் யார் செத்தாலும் உடம்பில் அதைக் குத்தி, பிளேக்கா என்று பார்க்க மண்ணீரலில் ஒரு துளி எடுத்த பிறகுதான் புதைக்கலாம். பிளேக்கைவிட அந்த ஊசிக்குத்தான் ஜனங்கள் பயந்தார்கள்.

மூலைக் கட்டிலில் கழுத்துவரை போர்த்தப்பட்ட சிறுமி. பக்கத்தில் தாய் சுமிரா, இடுப்புத் துணியில் கைக்குழந்தையோடு, விசிறிக்கொண்டிருந்தாள்.

நேற்று விர்யோ சோதனைக்கு வந்தபோது, "வெறும் சளிதான் ஐயா. விடிஞ்சதுகூடத் தெரியாம இந்தக் கழுதை தூங்குது பாருங்க," என்று மகளைத் தட்டி எழுப்பியவள்.

கொழும்புக்காரர் சிறுமியின் நெற்றியைத் தொடக் கை நீட்டினார்.

"தூங்குறாங்க," என்றாள் சுமிரா.

விர்யோ அவளைப் பார்த்தான். அவள் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட வந்த டச்சு அதிகாரி, என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

"குழந்தை இப்பதான் கண் அசந்துச்சாம், துரை." சொல்லிக்கொண்டே விர்யோ கட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றான்.

எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள். சயாம் டாக்டர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலால் நடந்து வெளியேறினார். இந்த முறை குனிய மறக்கவில்லை.

பேச்சுக் குரல்கள் தெருக்கோடிக்குப் போய்விட்டன.

அந்த ஊரில், தான் பெற்ற சின்னஞ்சிறு பிள்ளையை ஒரு தாய் அப்படி மரியாதை கொடுத்துச் சொல்வது ஒரே ஒரு தூக்கத்துக்குத்தான்.

விர்யோ பையைத் திறக்கவில்லை.

"கூட்டம் மலையிறங்கினதும் அவங்களக் குளிப்பாட்டிடுங்கம்மா."

விசிறி நின்றது.

அவள் இடுப்பில், கைக்குழந்தை இருமியது.