இலைக்குழியின் சாட்சி

சம்பந்தம் உறுதியாகும்வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பதில்லை என்று பெண் வீட்டார் கேசரியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பெண் தேன்மொழி நேரே கொல்லைக்குப் போய், இலைதழைகளை மக்கவைக்கும் உரக்குழியிடம் விசாரித்தாள். குழிகள் பேச ஆரம்பித்த பிறகு தரகர்களை யாரும் நம்புவதில்லை.

"மாப்பிள்ளை எப்படி?"

"வேப்பிலை, புங்க இலையெல்லாம் வாரிட்டு வந்து போடுவார். சாணிக் கரைசலும் தவறாம ஊத்துவார்," என்றது குழி. "கிளறிவிடுறது மட்டும் அவங்கம்மா."

பின்னாலேயே வந்த மாப்பிள்ளை பரிதி, அசடு வழிய மண்வெட்டியை எடுத்துக் கிளறினான். சூடான ஆவி கிளம்பி அவன் மூக்குக்கண்ணாடியை மூடியது.

"அடியிலேருந்து புரட்டுங்க," என்று சிரித்தாள் தேன்மொழி. குழி பெருமூச்சு விட்டது.

உள்ளே வந்தவள் அம்மாவின் காதில் சொன்னாள்: "கேசரியைச் சாப்பிடும்மா. நம்ம வீட்டுக் குழிகிட்ட மட்டும் இவங்க யாரையும் விட்டுடாத."